போன சத்தம் திரும்பி வரும் அறை

எங்கள் வீட்டு ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். திருச்சி உறையூரில் அப்பா கட்டிய வீடு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். டிவி ஒரு குறுக்குச் சுவரில் இருக்கிறது. நேரெதிர்ச் சுவரை ஒட்டி அப்பாவின் ஈஸி சேர். இரண்டுக்கும் இடையே சோபா, சோபாவுக்கு முன்னால் பாய். பாய் பிள்ளைகளுடையது. ஹோம் தியேட்டர் வாங்கிய புதிதில் இந்த ஹாலில் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். படத்தில் ஒரு லாரி உறுமினால் போதும், "நெஞ்சை அடைக்குதுப்பா, குறை" என்பார் அப்பா. அதே நொடியில் பாயிலிருந்து, "ஒண்ணுமே கேக்கலப்பா, கூட்டி வை" என்று குரல் வரும். இரண்டு தரப்பு சொன்னதும் உண்மை. அந்த உண்மையை அளந்து பார்த்து, இரண்டு தரப்புக்கும் நியாயம் செய்யும்படி, தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் ஒரு சப்-உஃபர் கட்ட வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

முடிவெடுத்ததும் முதலில் போன் போட்டது மாமாவுக்கு. அம்மாவின் தம்பி. துறையூரில் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர். தென்னை மரத்தில் புனல் கட்டிய காலம் தொட்டு, மேடைக்கு இருபுறமும் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கும் காலம் வரை தொழிலில் இருந்தவர். எனக்கு ஒயர் சுற்றக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளில் டார்ச் பேட்டரியைத் தொட்டு, கோன் முன்னால் தள்ளுகிறதா பின்னால் இழுக்கிறதா என்று பார்த்து பிளஸ் மைனஸ் கண்டுபிடிப்பதையும் அவரிடம்தான் படித்தேன்.

"பதினெட்டு இஞ்ச் ஒண்ணு போடு மாப்ள. மூலையில தள்ளி வை. மூலை சும்மாவே சத்தத்தைக் கூட்டிக் குடுக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. தாழ்ந்த ஒலி பெட்டியிலிருந்து எல்லாப் பக்கமும் பரவுவது. தரையும் இரண்டு சுவர்களும் சேருமிடத்தில் பெட்டியை வைத்தால், வேறு பக்கம் சிதறிப்போகும் ஒலியையும் சுவர்கள் அறைக்குள்ளேயே திருப்பிவிடும். அதே ஆம்ப்ளிஃபயரில் கூடுதல் சத்தம் கிடைக்கும். ஆனால் எங்கள் வீட்டுப் பிரச்சினை சத்தம் போதாததா, அல்லது சத்தம் ஓரிடத்தில் குவிந்து இன்னோரிடத்தில் வற்றிப்போவதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் நினைத்தேன். மாமாவும் ஒத்துக்கொண்டார். தன்னிடம் மிச்சமிருந்த 15 இஞ்ச் பெட்டி ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். அவர் விருப்பப்படியே டிவிக்குப் பக்கத்து மூலையில் அதை வைத்தோம். லேப்டாப்பிலிருந்து ஒற்றை அதிர்வெண், 36 ஹெர்ட்ஸ், நிதானமான வால்யூமில் ஓடவிட்டோம்.

மாமா டிவி சுவரிலிருந்து காதைச் சாய்த்தபடி மெல்ல நடந்தார். முதல் சில அடிகளுக்குக் கனத்த ஹூங்காரம். பாய் விரிக்கும் இடத்துக்கு வந்ததும் நின்றார்.

"நிறுத்திட்டியா?"

"இல்ல மாமா. ஓடிக்கிட்டுதான் இருக்கு."

ஓரடி பின்வாங்கினார், ஓரடி முன்னால் வைத்தார். பிள்ளைகள் உட்காரும் உயரத்துக்குக் குனிந்து பார்த்தார். அங்கே ஒலி ஏறக்குறைய இல்லை. பிறகு மெதுவாக அப்பாவின் ஈஸி சேர் வரை போய், சுவரில் முதுகை வைத்து நின்றார். போன சத்தம் முழுசாக அங்கே வந்து நின்றிருந்தது. ஈஸி சேரின் சட்டத்தைத் தொட்டால் விரலில் அதிர்வு தெரிந்தது. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"திடல்ல போன சத்தம் போனதுதான் மாப்ள, திரும்பி வராது. இங்க போனதெல்லாம் திரும்பி வந்து நிக்குது."

அறை ஒலியியலில் நான் படித்த எல்லாவற்றின் சாரமும் அந்த வரியில் இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும்; கணக்கு அவ்வளவுதான். நான்கு சுவருக்குள் கணக்கு வேறு. திருச்சி வெயிலில் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர். 16 அடி என்பது 4.88 மீட்டர். வேகத்தை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 36 ஹெர்ட்ஸ் வருகிறது. அந்த அதிர்வெண்ணில் அரை அலை ஹாலின் நீளத்துக்குள் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. பிளஸ் டூ இயற்பியலில் படிக்கும் நிலை அலைதான் இது. இரு முனைச் சுவர்களிலும் அழுத்தம் உச்சம், நடுவில் பூஜ்யம். அப்பா உச்சத்தில் உட்கார்ந்திருந்தார், பிள்ளைகள் பூஜ்யத்தில்.

அகலத்துக்கும் உயரத்துக்கும் இதே கணக்கைப் போட்டால் 52, 57 ஹெர்ட்ஸ். நீளத்தின் இரண்டாவது நிலை அலை 72 ஹெர்ட்ஸ். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, எங்கே பொங்குகிறது, எங்கே வற்றுகிறது என்று டைல்ஸில் சாக்பீஸால் குறித்தோம். 52-இல் ஷோகேஸின் கண்ணாடிக் கதவு சலசலத்தது. மாமா ஒரு விரலை வைத்ததும் நின்றது. 57-இல் ஜன்னல் கொக்கி கிடுகிடுத்தது. இந்தச் சில்லறைச் சத்தங்களைக் கண்டுபிடிப்பதும் திட்டத்தில் ஒரு பகுதிதான். நல்ல சப்-உஃபரைக் கட்டிவிட்டு, படம் பார்க்கும்போது கொக்கியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதில் என்ன பயன்? கண்ணாடி ஓடும் பள்ளத்தில் ஃபெல்ட் துணி ஒட்டினோம், கொக்கிக்கு ரப்பர் வாஷர் போட்டோம்.

ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் தந்த ஒரு சூத்திரம் உண்டு. அறையின் கன அளவையும், ஒலி அடங்க எடுக்கும் நேரத்தையும் கொடுத்தால், எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே அறையின் ஆட்சி நடக்கிறது என்று அது சொல்லிவிடும். எங்கள் ஹாலுக்கு அது 200 ஹெர்ட்ஸைத் தாண்டி வந்தது. சப்-உஃபர் வேலை செய்வதோ 20-இலிருந்து 80 வரை. அதாவது, அதன் முழு வாழ்க்கையும் அறையின் ஆட்சிக்கு உட்பட்டது. இதைப் புரிந்துகொண்ட நாளில் என் திட்டத் தாளில் பெட்டிக்கு மேலே அறையை எழுதினேன்.

நம் வீடுகளுக்கு இது இன்னும் பொருந்தும். சட்டங்களில் ஜிப்சம் பலகை அடித்த அமெரிக்க வீடுகளில் சுவர் கொஞ்சம் நெளியும்; நெளியும்போது தாழ்ந்த ஒலியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். செங்கல்லும் கான்கிரீட்டும் அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. வந்த ஒலியை அப்படியே திருப்பி அனுப்புகின்றன. முட்டை அட்டையும் ஃபோம் பலகையும் ஒட்டிச் சரிசெய்யலாம் என்று பலர் எனக்கு யோசனை சொன்னார்கள். கைதட்டினால் வரும் எதிரொலியை அவை கொஞ்சம் தணிக்கும். ஆனால் 36 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 9.7 மீட்டர். அதில் கால் பங்கே 2.4 மீட்டர். இரண்டு அங்குல ஃபோமைக் கடப்பதை அது உணரக்கூட உணராது. ஆகவே அலை உருவான பிறகு அதை விழுங்கப் பார்ப்பதைவிட, உருவாகாமலே தடுப்பதுதான் வழி.

வழி ஏற்கெனவே ஆராயப்பட்டிருந்தது. ஹார்மன் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த டாட் வெல்டி 2002-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். செவ்வக அறைக்கு எத்தனை சப்-உஃபர் போதும், எங்கெங்கே வைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. எல்லா இருக்கைகளிலும் ஒலி ஒரே சீராக இருப்பதுதான் அவருடைய அளவுகோல். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒன்றுக்கொன்று நேராக வைத்த இரண்டு பெட்டிகள் மிக நல்ல பலன் தருகின்றன, நான்குக்கு மேல் போவதால் பெரிய லாபமில்லை என்பது அவர் கண்ட முடிவு. காரணம் எளிமையானது. 36 ஹெர்ட்ஸ் நிலை அலையில் ஒரு சுவரருகே காற்று அழுந்தும்போது எதிர்ச் சுவரருகே தளரும். இரு சுவர்களிலும் ஒரே நேரத்தில் அழுத்தும் இரண்டு பெட்டிகள் இருந்தால், அந்த அலைக்கு ஒன்று கொடுப்பதை மற்றது எடுத்துவிடும். அகலத்தின் 52 ஹெர்ட்ஸுக்கோ, சுவரின் நடுப்புள்ளி அழுத்தம் பூஜ்யமாகும் இடம். அங்கே நிற்கும் பெட்டியால் அதைக் கிளப்ப முடியாது. பெட்டி வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்த மாத்திரத்திலேயே எங்கள் ஹாலின் இரண்டு பெரிய தொல்லைகள் அடங்கிவிடும்.

மாமாவிடம் தாளில் வரைந்து காட்டினேன். "அப்ப பதினெட்டு வேணாம், பன்னெண்டுல ரெண்டு" என்று அவரே சொல்லிவிட்டார். டிவிக்குக் கீழே ஒன்று, அப்பாவின் ஈஸி சேருக்குப் பின்னால் ஒன்று. ஈஸி சேரை ஓரடி முன்னால் நகர்த்த அப்பாவிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. "பேரப் பிள்ளைங்களுக்குக் கேக்கும்னா நகத்திக்கோ" என்றார்.

அடுத்தது பெட்டியின் வகை. மாமா தொழிலில் பயன்படுத்தியது எல்லாமே பாஸ் டியூப் என்ற குழாய் வைத்த பெட்டிகள். அந்த உத்தி பழையது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் துராஸ் 1930-களின் தொடக்கத்திலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். பெட்டிக்குள் இருக்கும் காற்றும் குழாய்க்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஒத்து அதிர்ந்து, ஸ்பீக்கரின் சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும். அதே வாட்ஸுக்குக் கூடுதல் சத்தம். ஆனால் வீட்டு அளவில் 20 ஹெர்ட்ஸுக்கு இசைக்கக் கணக்குப் போட்டபோது, 120 லிட்டர் பெட்டிக்கு ஆறு அங்குலக் குழாய் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வந்தது. குழாயை நான்கு அங்குலமாகக் குறைத்தால் நீளம் அடங்கும், ஆனால் குண்டு வெடிக்கும் காட்சியில் காற்று புஸ்ஸென்று சீறும். அப்பாவின் சேருக்குப் பின்னால் 120 லிட்டருக்கு இடமும் இல்லை, சீறலுக்கு நியாயமும் இல்லை.

மூடிய பெட்டியின் பக்கம் என்னைச் சாய்த்தது அறையேதான். மூடிய பெட்டியில் ஸ்பீக்கரின் ஒலி ஓர் எல்லைக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் 12 டெசிபல் வீதம் குறைந்துகொண்டே போகும். மறுபக்கம், அறையின் முதல் நிலை அலைக்குக் கீழே, அதாவது எங்களுக்கு 36 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அலை பரவ இடமில்லாததால் அறைக் காற்று மொத்தமாக அழுந்தித் தளரத் தொடங்கும். கதவு ஜன்னலை அடைத்த, கெட்டிச் சுவர் அறையில் அந்த அழுத்தம் கீழே போகப் போக ஏறும். ஒன்று இறங்கும் இடத்தில் மற்றது ஏறினால் இரண்டும் சமன்படும். முன்பு எதிரியாகத் தெரிந்த கான்கிரீட் இங்கே துணைக்கு வந்தது. ஏசி ஓடும்போது ஹாலின் கதவும் ஜன்னலும் எப்படியும் அடைத்துத்தான் இருக்கும்.

இனி அறையின் 36-க்கு ஒத்துப்போகும் ஸ்பீக்கர் வேண்டும். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இலும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் எழுதிய கட்டுரைகள் இந்த வேலையை எல்லோர் கைக்கும் கொண்டுவந்துவிட்டன. அதற்கு முன் ஊகமாக இருந்த பெட்டிக் கலை, அவர்களுக்குப் பின் கணக்காகிவிட்டது. ஸ்பீக்கரின் சொந்த அதிர்வெண், அது எவ்வளவு அடக்கமாக அதிர்கிறது என்ற எண், அதன் விறைப்புக்கு ஈடான காற்றின் கன அளவு ஆகிய மூன்றும் தெரிந்தால் பெட்டியின் லிட்டர் கணக்கு வந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இந்த மூன்று எண்களைத்தான் கேட்டேன். "எத்தனை வாட்ஸ் வேணும் சார்?" என்பதே பதிலாக வந்தது. ஒரு கடைக்காரர் மட்டும் உள்ளே போய், அட்டைப்பெட்டியிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். சொந்த அதிர்வெண் 24 ஹெர்ட்ஸ், அடக்க எண் 0.45, காற்று 85 லிட்டர். கடை வாசலிலேயே போனில் கணக்குப் போட்டேன். பெட்டி 58 லிட்டர் இருந்தால் ஸ்பீக்கரும் பெட்டியும் சேர்ந்த அதிர்வெண் 38. அறையின் உதவி தொடங்கும் இடத்துக்கு மிக அருகில்! இரண்டு ஸ்பீக்கர்களையும் அங்கேயே வாங்கிவிட்டேன்.

உள்ளளவு நாற்பது சென்டிமீட்டர் கனசதுரம் என்றால் 64 லிட்டர். ஸ்பீக்கரின் உடலும் குறுக்குச் சட்டமும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் 58 மிஞ்சும். கனசதுரப் பெட்டி ஆகாது என்று சொல்வதுண்டு. முழு ஸ்பீக்கருக்கு அது சரி. ஆனால் நாற்பது சென்டிமீட்டருக்குள் நிலை அலை உருவாக 430 ஹெர்ட்ஸுக்கு மேல் வேண்டும். சப்-உஃபருக்கு 80-க்கு மேல் வேலையே இல்லாததால் அந்தப் பயம் வேண்டியதில்லை.

வீட்டுப் பின்கட்டில் வேலை நடந்தது. 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப்., எட்டுக்கு நாலு ஷீட் இரண்டு. ஆசாரி அண்ணன் கட்டில், கதவு செய்பவர். ஸ்பீக்கர் பெட்டி அவருக்குப் புதிது. முகப்பை மட்டும் இரண்டு பலகை ஒட்டிக் கனமாக்கச் சொன்னேன். "எதுக்குத் தம்பி இவ்வளவு?" என்றார். ஸ்பீக்கரைக் கையில் கொடுத்தேன். காந்தத்தின் கனத்தை உணர்ந்ததும் மேற்கொண்டு கேட்கவில்லை. முகப்பின் நடுவில் ஆணி அடித்து, அதை அச்சாக வைத்து ரவுட்டரைச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் ஆழமாக. மாவாய்ப் பறந்த தூள் முற்றத்துத் துளசி வரை படிந்தது. கடைசிச் சுற்றில் வட்டம் கழன்று விழுந்தபோது, விளிம்பை உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் ரவுட்டரை அணைத்தார். மூட்டுகளில் ஃபெவிகால் பிதுங்கும்வரை கிளாம்ப் போட்டு இறுக்கி, உள்மூலை எல்லாவற்றிலும் இன்னொரு கோடு இழுத்தார். மூடிய பெட்டியில் ஊசிமுனை ஓட்டையும் சீட்டியடிக்கும் என்று சொன்னதை அவர் மறக்கவில்லை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, ஸ்பீக்கரை ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டின் அருகிலும் புகை ஆடுகிறதா என்று பார்த்தது அவருடைய சொந்த யோசனை.

பெட்டிகளை இடத்தில் வைத்ததும் மாமா சட்டைப் பையிலிருந்து டார்ச் பேட்டரியை எடுத்தார். இரண்டு கோனும் ஒரே பக்கம் தள்ளுகின்றனவா என்று தொட்டுப் பார்த்தார். இந்தத் திட்டத்தின் உயிரே அந்தச் சோதனையில்தான் இருந்தது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால், நாங்கள் அடக்க நினைத்த 36 ஹெர்ட்ஸ் இரண்டு மடங்காகியிருக்கும்.

பிறகு அளவு மைக்கை ஒவ்வோர் இருக்கையிலும் காது உயரத்தில் நிறுத்தி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளால் அளந்தோம். ஈஸி சேர், சோபாவின் இரு முனைகள், பாய். மூலைப் பெட்டியில் மலையும் மடுவுமாக இருந்த கோடுகள் இப்போது ஒன்றையொன்று ஒட்டி ஓடின. 72 ஹெர்ட்ஸில் மட்டும் ஈஸி சேரிலும் பாயிலும் ஒரு மேடு மிச்சமிருந்தது. நீளத்தின் இரண்டாவது நிலை அலையை இந்த ஏற்பாடு அடக்குவதில்லை. அந்த மேட்டை ஈக்வலைசரில் இறக்கினேன். ஈக்வலைசரைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம் உண்டு. மேட்டை வெட்ட அதனால் முடியும், பள்ளத்தை நிரப்ப முடியாது. நிலை அலையின் பூஜ்யத்தில் 10 டெசிபல் ஏற்றப் பார்த்தால் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு திணறும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

குண்டு வெடிக்கும் காட்சியில் எந்த சப்-உஃபரும் நன்றாகத்தான் இருக்கும். என் சோதனை வேறு. அப்பாவுக்குப் பிடித்த இளையராஜா பாடல்களில் பேஸ் கிதாரைத் தொடர்ந்து கேட்பது. பேஸ் கிதாரின் நான்கு தந்திகளும் விரலால் அழுத்தாமல் மீட்டினால் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸில் ஒலிப்பவை. எங்கள் ஹாலின் 52-க்கும் 57-க்கும் நடுவில் இரண்டாவது தந்தி மாட்டிக்கொள்ளும். 72-இல் மூன்றாவது தந்தி போய் விழும். முன்பு சில சுரங்கள் ஊதிப் பெருத்தும் சில சுரங்கள் காணாமலும் போனதால், அந்த வாசிப்பு எங்களுக்கு வெறும் "தும் தும்" ஆகத்தான் எட்டியது. இப்போது விரல் ஒவ்வொரு சுரமாக ஏறி இறங்குவது தெரிந்தது. பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு நடந்துகொண்டிருந்ததை அப்பா முதல் தடவையாகக் கேட்டார். "இத்தனை வருஷம் இது எங்கடா இருந்துச்சு?" என்றார். பாயில் இருந்த பிள்ளைகளும் அதையே கேட்டார்கள். கூட்டு, குறை என்ற சண்டை அதோடு ஓய்ந்தது.

பந்தியில் முதல் இலைக்கும் கடைசி இலைக்கும் ஒரே பதத்தில் சோறு விழ வேண்டும் என்பது நம் வீட்டு முறை. ஒலியும் அப்படித்தான் பரிமாறப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒற்றை இருக்கைக்காக அமைக்கும் ஹோம் தியேட்டர் எத்தனை லட்சம் விழுங்கினாலும் குடும்பத்துக்கு உரியதாகாது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காரும் இடம் ஹால். அங்கே முதியவருக்கு இரைச்சலையும் குழந்தைக்கு மௌனத்தையும் கொடுத்துவிட்டு, நடுவில் உட்கார்ந்து ஒருவர் மட்டும் ரசிப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

பெட்டியின் வரைபடத்தைக் கேட்டு நண்பர்கள் போன் செய்கிறார்கள். அனுப்புவதற்கு முன் ஹாலின் நீளம், அகலம், உயரம், யார் எங்கே உட்காருவார்கள் என்று கேட்கிறேன். தங்கை வீட்டு ஹால் சமையலறையோடு சேர்ந்து திறந்து கிடக்கிறது; எதிர்ச் சுவர் என்று ஒன்றே இல்லை, காற்றை அடைத்து அழுத்தவும் வழியில்லை. எங்கள் நாற்பது சென்டிமீட்டர் பெட்டி அங்கே ஒத்துவராது. பாஸ் டியூப் வைத்த பெரிய பெட்டிதான் அங்கே சரிப்படலாம். எதையும் இப்போதே முடிவு செய்யவில்லை. மாமாவின் 15 இஞ்ச் பெட்டியை அங்கே கொண்டுபோய், ஒற்றை அதிர்வெண்ணை ஓடவிட்டு, சாக்பீஸோடு நடந்து பார்த்த பிறகுதான் ஆசாரி அண்ணனைக் கூப்பிட வேண்டும்.